இரண்டாவது டிஸ்க்

டெல்டா மாவட்டங்களின் ஸ்டுடியோக்காரர்களுக்கு, கணினி பழுது பார்ப்பவனின் திறந்த மடல்



ஆடி பிறந்துவிட்டது. ஆவணியின் முதல் முகூர்த்தம் வரை உங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம். பாக்கி கிடக்கும் ஆல்பங்களை முடிப்பீர்கள், கேமராவை சர்வீசுக்குக் கொடுப்பீர்கள். கூடவே, எங்கோ தள்ளுபடி போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு நாலைந்து ஹார்ட் டிஸ்க்கையும் வாங்கிப் போடுவீர்கள். அந்தக் கடைசிக் காரியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

இருபது வருடமாக உங்கள் கம்ப்யூட்டர்களைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் உங்களில் அதிகம் பேர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த டிஸ்க்ணே போகாது?" அதற்கு அடுத்தது, அதே மூச்சில்: "அதுலயே விலை கம்மியா எது?"

இரண்டுக்கும் நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பின்னால் கடையில் வாடிக்கையாளர் நிற்பார், அவசரம். அதற்குப் பிராயச்சித்தமாக இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன பங்குனியில் ஒரு தம்பி வந்தான். கையில் துண்டில் சுற்றிய போர்ட்டபிள் டிஸ்க். எடிட்டிங் நடந்துகொண்டிருந்தபோது வயர் காலில் மாட்டி, மேசையிலிருந்து விழுந்திருக்கிறது. செருகினால் டிக், டிக் என்று சத்தம். தையில் எடுத்த கல்யாணம் அதில் இருந்தது. வேறெங்கும் இல்லை. கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டான். மாசியில் பெண்ணின் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்த வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது: ஆல்பம் மெதுவாக வரட்டும், அப்பா தாரை வார்த்துக் கொடுக்கும் வீடியோவை மட்டும் முதலில் தாருங்கள் என்று.

சென்னைக்கு ரிகவரிக்கு அனுப்பினோம். டிஸ்க் வாங்கிய விலையைப் போல ஆறு மடங்கு கேட்டார்கள், கொடுத்தான். ரிசப்ஷன் முழுதாக வந்தது. முகூர்த்தம் இருந்த பகுதியில் தட்டில் கீறல், அது வரவில்லை. அந்த வீட்டுக்கு அவன் எப்படிப் போனான், என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அவன் வாங்கியிருந்தது மோசமான டிஸ்க் அல்ல. நான் எடுத்துக் கொடுத்ததுதான். பேர் பெற்ற கம்பெனி, மூன்று வருட வாரண்டி, முறையான பில். நம்பகமானது என்று நம்பி, பக்கத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகவே பணம் கொடுத்து வாங்கியதுதான்.

ஆகவே முதலில் இந்த 'நம்பகம்' என்கிற சங்கதியைப் பார்ப்போம்.

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் யந்திரம். உள்ளே கண்ணாடிபோல் மினுங்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. அதன் மேல் படிக்கும் தலை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. 1956இல் ஐபிஎம் கம்பெனி கொண்டுவந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து பிடித்தது இன்றைய உங்கள் ஒரே ஒரு போட்டோவைவிடக் குறைவு, 4 எம்பிகூட இல்லை. அதன் பேரப்பிள்ளை இன்று உங்கள் சட்டைப் பையில் 5 டெராபைட்டோடு உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நுணுக்கமான யந்திரம் இத்தனை நாள் ஓடுவதுதான் ஆச்சரியம்; ஒருநாள் நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

பெட்டியில் 'சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வகுத்துப் பாருங்கள், 114 வருடம் வரும். டிஸ்க் 114 வருடம் ஓடும் என்று எந்தக் கம்பெனியும் சத்தியம் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஒன்றாக ஓடவிட்டால் வருடத்துக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் போகும் என்பதுதான் அதற்கு அர்த்தம். 2007இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஷ்ரோடர், கிப்சன் என்ற இருவர் பெரிய நிறுவனங்களில் ஓடிய சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் கணக்கை எடுத்தார்கள். கம்பெனி சொன்னபடி பார்த்தால் வருடத்துக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் மாற்ற வேண்டியிருந்தது சாதாரணம். சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. அதைவிட முக்கியமான சேதி: அப்போது மிக உயர்ந்த விலைக்கு விற்ற சர்வர் ரக டிஸ்க்குக்கும் சாதாரண சாட்டா டிஸ்க்குக்கும் மாற்றப்பட்ட விகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பேக்பிளேஸ் என்றொரு அமெரிக்க பேக்கப் கம்பெனி இருக்கிறது. தன்னிடம் ஓடும் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளில் எது எத்தனை போனது என்பதை 2013 முதல் வெளிப்படையாகச் சொல்லிவருகிறது. அதே வருடம் அவர்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விலை அதிகமான நிறுவன ரகத்தில் வருடத்துக்கு 4.6 சதவீதம் போனது, சாதாரண ரகத்தில் 4.2. அன்றைக்கு அவர்களிடம் நிறுவன ரகம் எண்ணிக்கையில் குறைவு, பார்த்த வேலையும் வேறு. அதனால் சாதாரணம்தான் மேல் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் விலை கூடினால் ஆயுளும் அதே அளவு கூடும் என்ற நம் நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் இல்லை. அண்மை வருடங்களில் அவர்களுடைய மொத்தக் கணக்கு வருடத்துக்கு ஒன்று முதல் ஒன்றேமுக்கால் சதவீதத்துக்குள் நிற்கிறது. குளிரூட்டிய அறையில், அசையாமல், தடையில்லாத மின்சாரத்தில் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு அது. உங்களுடையது பைக் டேங்க் கவரில் போகிறது, மண்டபத்து ஜெனரேட்டரில் ஓடுகிறது.

அடுத்து, "எந்தக் கம்பெனி நல்லது?" இந்த விஷயத்தில் டீக்கடையில் சண்டையே நடந்திருக்கிறது. ஒருவருக்கு சீகேட் ராசி, ஒருவருக்கு வெஸ்டர்ன் டிஜிட்டல் ராசி. டிஸ்க் செய்கிறவர்கள் இன்று உலகத்திலேயே மூன்று பேர்தான்: இவர்கள் இருவரும் தோஷிபாவும். மற்ற பெயரெல்லாம் மேல்சட்டை.

இரண்டு கதை சொல்கிறேன். 2000 வாக்கில் ஐபிஎம் விற்ற 'டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி' என்ற வரிசை சகட்டுமேனிக்குப் போய், ஜனங்கள் அதற்கு 'டெத்ஸ்டார்' என்று பேரே வைத்துவிட்டார்கள். வழக்கும் நடந்தது. பிறகு ஐபிஎம் அந்தத் தொழிலையே ஹிட்டாச்சியிடம் விற்றது. பத்து வருடம் கழித்து பேக்பிளேஸ் பட்டியல் போட்டபோது மிகக் குறைவாகப் போனவை எவை தெரியுமா? அதே ஹிட்டாச்சியின் டிஸ்க்குகள். இரண்டாவது, சீகேட்டின் 3 டெராபைட் பாரகுடா. 2014ஆம் வருடக் கணக்கில் அந்த மாடல் 43 சதவீதம் போயிற்று, கிட்டத்தட்ட பாதி. அதே வருடம் அதே கம்பெனியின் 4 டெராபைட் மாடல் 3 சதவீதத்துக்கும் கீழே நின்றது. ஆக, கம்பெனிக்கு ராசி கிடையாது. மாடலுக்குத்தான் ஜாதகம் உண்டு. அந்த ஜாதகமும் மூன்று வருடம் ஓடிய பிறகுதான் தெரியும். அதற்குள் அந்த மாடல் கடையில் இருக்காது.

அப்படியானால் எதை வைத்து வாங்குவது? இங்கேதான் உங்களிடம் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்ட ஆசைப்படுகிறேன். காகிதம் பேனா போதும்.

சாதாரண டிஸ்க் வருடத்துக்கு 2 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதில் ஒன்று. இரண்டு மடங்கு விலை கொடுத்தால் அதில் பாதிதான் போகும் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நூறில் ஒன்று. உங்கள் கூடுதல் பணம் ஆபத்தை ஐம்பதில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்றாக்கியது. இப்போது அதே கூடுதல் பணத்தில் இன்னொரு சாதாரண டிஸ்க் வாங்கி, அதே கல்யாணத்தை அதிலும் போட்டு வையுங்கள். இரண்டும் ஒரே வருடத்தில் போக வேண்டும், அப்போதுதான் கல்யாணம் போகும். ஐம்பதில் ஒன்றின் ஐம்பதில் ஒன்று: 2500இல் ஒன்று. ஒன்று போனவுடன் மற்றொன்றிலிருந்து நகல் எடுத்துவிட்டால் அதைவிடவும் குறைவு.

ஒரே பணம்தான். ஒரு வழியில் செலவழித்தால் நூறில் ஒன்று, இன்னொரு வழியில் 2500இல் ஒன்று. நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்: நல்ல டிஸ்க்குக்காக ஒதுக்கும் பணத்தில் இரண்டாவது டிஸ்க்கை வாங்குங்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். உங்களில் பலர் அலமாரியில் முப்பது டிஸ்க் வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் ஒரே நகலாக. அதே 2 சதவீதக் கணக்கில், ஐந்து வருடத்தில் அந்த முப்பதில் ஒன்றாவது போவதற்கான வாய்ப்பு 95 சதவீதம். "எனக்கு இதுவரை ஒண்ணும் ஆனதில்லை" என்று சொல்கிறவர் இன்னும் ஐந்து வருடம் தொழில் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த 2500 என்ற எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போக வேண்டும். இரண்டையும் ஒரே பையில் வைத்துப் பை தொலைந்தால் 2500ம் இல்லை, ஐம்பதும் இல்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது நினைவிருக்கும். ஓடு பறந்து, ஷீட் பறந்து, அலமாரியோடு நனைந்த ஸ்டுடியோக்களிலிருந்து அந்த மாதம் முழுக்க என்னிடம் டிஸ்க் வந்துகொண்டிருந்தது. இரண்டு நகல் வைத்திருந்த ஒருவரும் வந்தார். இரண்டும் ஒரே அலமாரியின் ஒரே தட்டில் இருந்தவை. இரண்டு நகலுக்கும் நடுவே ஒரு தெரு வித்தியாசமாவது இருக்கட்டும். விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் போடாத ஊர்க்காரர்கள் நாம். இது புதிய பாடம் இல்லை.

இதைச் சட்டமாக எழுதிவைத்ததும் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்தான். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ. மூன்று நகல், இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில் என்று அவர் சொன்ன கணக்கை இன்று கணினி உலகமே '3-2-1' என்று ஓதுகிறது. மூன்றுக்கு வசதி இல்லாதவர்கள் இரண்டிலாவது தொடங்குங்கள்.

சரி, அப்படியென்றால் கிடைப்பதில் விலை குறைந்ததை வாங்கிவிடலாமா? அதுவும் கூடாது. எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே கூடாது என்று பிரித்துச் சொல்கிறேன்.

பில்லில் சிக்கனம் வேண்டாம். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று சொல்வார்கள். அந்த டிஸ்க் வேறு நாட்டு மார்க்கெட்டுக்கு வந்ததாக இருக்கலாம், பிராண்ட் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதாக இருக்கலாம். இங்கே வாரண்டி கிடைக்காது. வாங்கிய அன்றே டிஸ்க்கின் மேலிருக்கும் சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். வாரண்டி எந்தத் தேதி வரை என்று அதுவே சொல்லும். பில் தேதியிலிருந்து எண்ணினால் வரவேண்டிய தேதிக்கும் அதற்கும் ஒரு வருட இடைவெளி இருந்தால் கடைக்காரரிடம் அங்கேயே கேளுங்கள்.

பழையதைப் புதிது என்று வாங்காதீர்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பலர் புதிது என்று வாங்கிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள், உண்மையில் பல ஆயிரம் மணி நேரம் ஏற்கெனவே ஓடியவை என்று தெரியவந்தது. சாதாரணமாகப் பார்க்கும் மணிக்கணக்கை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள்; டிஸ்க்கின் உள்ளே கம்பெனி தனியாக வைத்திருந்த பதிவேடு காட்டிக்கொடுத்தது. விற்றது இடையில் இருந்த வியாபாரிகள். அந்த ஊரிலேயே அப்படியென்றால் சென்னை ரிச்சி தெருவில் 'சீல் உடைக்காத சரக்கு' என்று கையில் திணிப்பவரை என்னவென்று நம்புவது? 'ரீஃபர்பிஷ்ட்' என்று வெளிப்படையாகச் சொல்லி, பில் போட்டு, ஒரு வருட வாரண்டியும் கொடுத்தால் அதை மூன்றாவது நகலுக்குத் தாராளமாக வாங்கலாம். பொய் சொல்லி விற்பதுதான் பிரச்சினை.

தடத்தில் கவனம். இது கொஞ்சம் தொழில்நுட்பம், பொறுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் தகவல் வட்ட வட்டமான தடங்களில் எழுதப்படுகிறது. சிஎம்ஆர் என்ற வகையில் தடங்கள் தனித்தனி. எஸ்எம்ஆர் என்ற வகையில் நாட்டு ஓட்டுக்கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அதே தட்டில் அதிகம் பிடிக்கும், அதனால் மலிவு. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் இல்லையா? அதே கதைதான் இங்கும். எடிட்டிங் செய்யும் டிஸ்க் எஸ்எம்ஆராக இருந்தால் பாதி வழியில் மூச்சு வாங்கும். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டிய நாஸ் பெட்டியில் போட்டால் இன்னும் தொல்லை. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் மாடல்களில் எஸ்எம்ஆர் இருந்தது வெளியே தெரிந்து பெரிய ரகளையானது. நாஸுக்கென்றே விற்ற டிஸ்க்குகள் அவை. அதே எஸ்எம்ஆர், ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்கும் நகலுக்குக் கச்சிதம். கையடக்கப் போர்ட்டபிள்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஆக, வேலை பார்க்கும் டிஸ்க்குக்குச் சிஎம்ஆர், தூங்கும் டிஸ்க்குக்கு மலிவு. சிக்கனம் செய்ய வேண்டிய இடம் இது.

வாரண்டியைச் சரியாகப் படியுங்கள். இரண்டு, மூன்று, ஐந்து வருடம் என்று விலைக்கேற்ப ஏறும். டிஸ்க் போனால் கம்பெனி வேறொரு டிஸ்க் தரும், பெரும்பாலும் சரிசெய்த பழையது. உள்ளே இருந்த கல்யாணத்தைத் தராது. வாரண்டி என்பது வட்டுக்கு இன்சூரன்ஸ், படத்துக்கு இல்லை. ஆனாலும் ஒரு பயன் உண்டு: விலையை டெராபைட்டாலும் வாரண்டி வருடத்தாலும் வகுத்துப் பாருங்கள். 4 டெராபைட், இரண்டு வருட வாரண்டி, 10,000 ரூபாய் என்றால் ஒரு டெராபைட்டுக்கு வருடத்துக்கு 1250. அதே அளவு, ஐந்து வருட வாரண்டி, 16,000 ரூபாய் என்றால் 800தான். தினமும் எட்டு மணி நேரம் ஓடும் எடிட்டிங் டிஸ்க்குக்கு இரண்டாவதுதான் மலிவு. அலமாரியில் தூங்கப்போவதற்கு முதலாவது போதும். இவை உதாரண விலைகள்தான். டிஸ்க் விலை தக்காளி விலை மாதிரி. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஆலைகள் மூழ்கியபோது விலை ஏறியதோடு, கம்பெனிகள் பல மாடல்களுக்கு வாரண்டியையும் குறைத்துக்கொண்டன. 2021இல் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஆட்கள் டிஸ்க்கை வாரிக்கொண்டு போனதில் மறுபடி ஏறியது. விலை இறங்கியிருக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் வாரண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எஸ்எஸ்டி பற்றியும் கேட்பீர்கள். எடிட்டிங்குக்குப் பிரமாதம்; விழுந்தாலும் பிழைக்கும். டெராபைட் விலை ஹார்ட் டிஸ்க்கைப்போலச் சில மடங்கு. அலமாரியில் வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் வைத்தால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆகவே ஓடுவதற்கு எஸ்எஸ்டி, உறங்குவதற்கு ஹார்ட் டிஸ்க். கிளவுடு? ஒரு கல்யாணத்துக்கு 630 ஜிபி என்றால், நொடிக்கு 50 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் போனாலும் 28 மணி நேரம். முடித்த ஆல்பத்தையும் எடிட் செய்த படத்தையும் மட்டும் ஏற்றி வையுங்கள்.

அந்த 630 ஜிபி எங்கிருந்து வந்தது? நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம்: 540. ரா ஃபார்மேட்டில் எடுத்த மூவாயிரம் போட்டோ, ஒன்று 30 எம்பி: 90. இரண்டு நகலுக்கு ஒன்றேகால் டெராபைட். டெராபைட் 3000 ரூபாய் என்று போட்டாலும் நாலாயிரத்துக்குள் வந்துவிடும். இது உங்கள் கையிலிருந்து போக வேண்டிய பணமே இல்லை. கொட்டேஷனில் ட்ரோனுக்கு ஒரு வரி இருக்கிறது, ஆல்பத்துக்கு ஒரு வரி இருக்கிறது. 'இரு இடங்களில் பாதுகாப்பு, இத்தனை வருடத்துக்கு' என்று ஒரு வரி சேருங்கள். எத்தனை வருடம் என்பதையும் எழுதிவிடுங்கள். காலம் முழுக்கப் பாதுகாக்க நாம் ஆவணக் காப்பகம் இல்லை. பெண் வீட்டுக்காரர் அந்த வரியை அடித்துவிட்டுப் பேரம் பேசுவார் என்று நினைக்கிறீர்கள். பேசிப் பாருங்கள். பந்தியில் இலைக்குக் கணக்குப் பார்க்கிறவர்கூட இதற்குப் பார்க்க மாட்டார்.

இப்போது ஆடி மாத வேலை. கடைக்குப் போகுமுன் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டார்', 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்ற இரண்டு வரிகளில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால், அன்றே நகல் எடுத்துவிட்டு அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுங்கள். 2007இல் கூகுள் தன் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, சோதனையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், தெரியாததைவிட அடுத்த 60 நாளில் போவதற்கு 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டது. அதற்காக எல்லாம் பச்சையாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அதே ஆராய்ச்சியில், செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதம் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்தன. நம்மூரில் நெஞ்சுவலி வருகிற மாதிரிதான்: சிலருக்குச் சொல்லிவிட்டு வரும், சிலருக்குச் சொல்லாமல்.

இரண்டு நகலையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஜோடி டிஸ்க்கில் போடாதீர்கள். மாடலில் குறை இருந்தால் இரண்டுக்கும் அதே குறைதான். ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே வாங்குங்கள். என் கடை வியாபாரம் பாதியானாலும் பரவாயில்லை. இரண்டு இடத்திலும் ஏறி, திறந்து பார்க்கும் வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். இன்னும் இரண்டு ஜோடி கார்டு வாங்குவது எந்த ரிகவரி பில்லைவிடவும் மலிவு. ஒருவேளை டிக் டிக் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்" என்று போடும் ஒவ்வொரு தடவையும் தலை தட்டைச் சுரண்டக்கூடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால், அவர் வீட்டு டிஸ்க்கை முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இப்போது எல்லாவற்றையும் இரண்டாக வைக்கிறான். ஒன்று கடையில், ஒன்று அக்கா வீட்டில். அதற்காக அக்காவுக்கு ஒரு பூட்டுப் போட்ட டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறான். டப்பாவில் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் மாப்பிள்ளை பெண் பேரும் முகூர்த்தத் தேதியும் ஒட்டியிருக்கின்றன. வாங்கியதெல்லாம் சாதாரண ரகம்தான்.

ஆடிப்பெருக்கு அன்று நான் கடையைத் திறந்துதான் வைத்திருப்பேன். ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வரும் வழியில் சந்தேகமான டிஸ்க்குகளைக் கொண்டுவாருங்கள், செருகிப் பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம். சித்திரான்னம் மீதி இருந்தால் கொண்டுவரலாம்.

அன்புடன்,
பஸ் ஸ்டாண்ட் பின்புறக் கடைக்காரன்